புற்றுநோயும் சமையலறையும்: எதை முதலில் மாற்றுவது, எதை விட்டுவிடலாம்

ஓரம் கருகிய தோசையைப் பிய்த்துத் தள்ளி வைப்பவர், சாப்பிட்டு எழுந்ததும் ஒரு சிட்டிகைச் சீவலை வாயில் அடக்கிக்கொள்கிறார். மைக்ரோவேவ் அடுப்பு ஆகாது என்று வீட்டில் தடை போட்டவர் சனிக்கிழமை தவறாமல் ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். பெரும்பாலான வீடுகளில் பயத்துக்குக் குறைவில்லை. அதன் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. சிறிய ஆபத்துக்குப் பெரிய கவனமும், பெரிய ஆபத்துக்குச் சிரிப்பும். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை முக்கியம். முதல் மூன்றைச் செய்யாமல் எட்டாவதைப் பற்றிக் கவலைப்படுவதில் பலனில்லை.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உலக சுகாதார நிறுவனத்தின் அங்கம். பொருள்களை வகை 1, 2ஏ, 2பி, 3 என்று அது பிரிக்கிறது. வகை 1 என்றால், மனிதர்களுக்கு அது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது என்று பொருள். 2ஏ என்றால் அநேகமாக உண்டாக்கும், 2பி என்றால் உண்டாக்கக்கூடும், 3 என்றால் முடிவு சொல்லச் சான்று போதாது. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. 2015-இல் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி வகை 1-இல் சேர்ந்தபோது "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று செய்தி பரவியது. அப்போது அந்த முகமையே எடுத்துக்காட்டிய மதிப்பீட்டைப் பாருங்கள்: உலகில் ஆண்டுக்குப் பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் சுமார் 34,000 புற்றுநோய் இறப்புகள், மதுவால் சுமார் 6 லட்சம், புகையிலையால் சுமார் 10 லட்சம். மூன்றும் ஒரே வகைதான்!

சதவீதத்திலும் இதே பொடி வைத்திருக்கிறது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஓரிடத்தில் வாழ்நாளில் நூற்றுக்கு 2 பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், அது சுமார் 2.4 ஆகும். இனி எந்தச் செய்தியைப் படித்தாலும் "எதிலிருந்து கூடியது?" என்று கேளுங்கள்.

படி 1: பாக்கை நிறுத்துங்கள்

விருந்து முடிந்ததும் தாம்பூலம் வருவதால் பாக்கை நாம் உணவோடு சேர்த்தே எண்ணுகிறோம். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் வகை 1 என்று 2004-லேயே முடிவாகிவிட்டது. தனிப் பாக்கும் அப்படியே. "புகையிலை போடமாட்டேன், வெறும் பாக்குதான்" என்ற சமாதானம் அன்றோடு செல்லாது. இங்கே குற்றவாளி வெற்றிலை அல்ல. பாக்கும், அதோடு சேரும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கிலுள்ள பொருள்கள் வேதிமாற்றம் அடைந்து வாயின் உள்தோலை நாள்தோறும் புண்படுத்துகின்றன. கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறப்பு மெல்லமெல்லச் சுருங்கும். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருப்பதற்கு இந்தப் பழக்கமும் புகையிலையுமே முக்கியக் காரணம்.

வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. உங்கள் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக, நெட்டுக்குத்தாக, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் நுழையுங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டதும் வாய் தாங்கமுடியாமல் எரிந்தாலோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ பல் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய்போல வாங்கித் தரும் இனிப்புப் பாக்கும் பாக்குதான். வாய் மணக்க வேண்டுமென்றால் சோம்பு, ஏலக்காய், கிராம்பு இருக்கின்றன. வெறும் வெற்றிலையும் மெல்லலாம்.

படி 2: மதுவைக் கிராமில் எண்ணுங்கள்

"அளவோடு குடித்தால் ஒன்றுமில்லை" என்பவர் அளவைச் சொல்வதில்லை. கணக்கு எளிது: மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, வந்ததை 0.79-ஆல் பெருக்கினால் தூய ஆல்கஹால் கிராமில் வரும். 42.8 சதவீத விஸ்கி அல்லது பிராந்தி 60 மில்லியில் சுமார் 20 கிராம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 61 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 26 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். நாளொன்றுக்கு வெறும் 10 கிராம் கூடினாலே பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் ஏறுகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் ஆகியவையும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

உடலுக்குள் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறி மரபணு இழைகளைச் சேதப்படுத்துகிறது. ஒயினானாலும் கள்ளானாலும் உள்ளே போவது அதே ஆல்கஹால்தான். நிறைய சைடிஷ் சாப்பிட்டால் போதை மெதுவாக ஏறும், அசிட்டால்டிஹைடு குறையாது. கையில் சிகரெட்டும் இருந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் இரண்டு ஆபத்துகளும் கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக ஏறும். புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. முழுதாக நிறுத்த முடியாதவர் பாதியாகக் குறைத்தாலும் அதற்கேற்ற பலன் உண்டு.

படி 3: தராசை நம்பாதீர்கள், நாடாவை எடுங்கள்

மிகை எடையோடு 13 வகைப் புற்றுநோய்கள் தொடர்புள்ளவை என்று 2016-இல் அதே முகமை அறிவித்தது. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மார்பகம், கருப்பை ஆகிய இரண்டிலும் ஆபத்து கூடுவதற்கு அது ஒரு வழி. இன்சுலின் எப்போதும் மிகுந்திருப்பது இன்னொரு வழி.

நமக்குக் கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வருவதால் தராசு ஏமாற்றிவிடும். தையல் நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில் வைத்து, இயல்பாக மூச்சு விட்டபின் அளந்து பாருங்கள். எல்லை, இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பேண்ட் சைஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிக் கொண்டிருக்கும். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) பார்ப்பவர்கள் 25 அல்ல, 23-ஐ எல்லையாகக் கொள்ளுங்கள். முதலில் வெட்ட வேண்டியது குடிக்கும் சர்க்கரை: இனிப்பு பானங்கள், டப்பா ஜூஸ், நாளுக்கு நான்கு டீயில் இரண்டிரண்டு கரண்டிச் சீனி.

படி 4: நார்ச்சத்தை 30 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்

உணவில் எதைக் குறைப்பது என்றே பேசுகிறோம். கூட்ட வேண்டியது இது. நார்ச்சத்து நாளுக்கு 10 கிராம் கூடும்போது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. முழுத்தானியம் நாளுக்கு 90 கிராம் சாப்பிடுவோருக்கு சுமார் 17 சதவீதம் குறைவு. நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடல்சுவர் செல்களுக்கு அதுதான் எரிபொருள். கழிவு தேங்கி நிற்காமல் நகர்வதும் ஒரு காரணம்.

வெள்ளைச் சோறும் இட்லி தோசையுமாகப் போகும் ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். எல்லா வேளைக்குமாக அரிசி 350 கிராம்: நார் 9 முதல் 10 கிராம். பருப்பும் உளுந்தும் 50 கிராம்: 5 கிராம். காய் 100 கிராம்: 3 கிராம். மொத்தம் 18-ஐத் தாண்டாது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டை வைத்து "காய் சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொள்வதன் விளைவு இது.

அதே நாளை இப்படி மாற்றுங்கள். அரிசியை 200 கிராமாக்கினால் நார் 5 கிராம். ஒரு வேளைக்கு ராகி மாவு 60 கிராமில் களியோ அடையோ: 6 கிராம். கறுப்புக் கொண்டைக்கடலை உலர்ந்த எடையில் 50 கிராம், சுண்டலாக: 9 முதல் 12 கிராம். ஆய்ந்த கீரை 100 கிராம்: 4 கிராம். அவரை, கொத்தவரை, கத்தரி என ஏதாவது காய் 200 கிராம்: 6 கிராம். துவரம்பருப்பு 30 கிராம்: 2.5 கிராம். நடுத்தரக் கொய்யா ஒன்று: 5 கிராமுக்கு மேல். முப்பதைத் தாராளமாகத் தாண்டிவிடும். இதில் சுண்டலுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. நவராத்திரியின் ஒன்பது நாளோடு அதை மறப்பது நமக்குத்தான் நட்டம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் காய், கீரை 400 கிராம், பழம் 100 கிராம் என்றே சொல்கிறது.

இது எங்கே தவறிப்போகிறது? ஒரே நாளில் 15-இலிருந்து 35-க்குத் தாவுகிறவர்களுக்கு வயிறு உப்பி, மூன்றாம் நாளே "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு 5 கிராம் மட்டும் கூட்டுங்கள். கடலை, பயறு வகைகளை 8 முதல் 12 மணிநேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நசுங்கும் பதத்துக்கு வேகவையுங்கள். நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் அதிகமாகும். பழத்தைச் சாறு பிழிந்து வடிகட்டினால் நார் வடிகட்டியில் நின்றுவிடும். "மல்ட்டி கிரெயின்" பிஸ்கட்டின் பின்பக்கத்தில் முதல் பெயர் மைதா என்று இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். ராகி மால்ட் பொடிகளில் ராகிக்கு முன்னால் சர்க்கரை நிற்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: நிலக்கடலையைப் பொறுக்குங்கள்

நம் ஊரில் அதிகம் பேசப்படாத, ஆனால் பேசியே ஆக வேண்டிய விஷயம் பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது, தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. ஆஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை சுரக்கும் அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணி; வகை 1. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் இருப்பவருக்கு இதன் வீரியம் மற்றவரைவிட முப்பது மடங்குவரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இந்தப் படியில் சேரும்.

வறுத்தால் சரியாகிவிடும் என்பது இங்கே செல்லாது. அஃப்ளடாக்ஸின் சிதையத் தொடங்கவே 240 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். வேகவைத்தால் போகாது, வறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பொறுக்குவதுதான் வழி. ஒரு மூட்டைக் கடலையில் நஞ்சு சமமாகப் பரவியிருப்பதில்லை. கெட்டுப்போன சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடியாகப் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது, முளைவிட்டது, பச்சை அல்லது மஞ்சள் தூள் படிந்தது ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் இரண்டு பருப்புகளுக்கு நடுவில் பூஞ்சை ஒளிந்திருக்கும். வறுத்துத் தோல் நீக்கும்போது பிளந்து, உட்குழிவு கருத்திருக்கிறதா என்று பாருங்கள். வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள். ஓட்டோடு வாங்குபவர்கள் குலுக்கிப் பார்க்கலாம். நன்கு காய்ந்த கடலை கலகலக்கும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கில் கட்டி மூலையில் வைத்தால் வளராமல் இருக்காது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வற்றல் மிளகாய், மக்காச்சோளம் ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

பொறுக்கி எடுத்ததை என்ன செய்வது? "மாட்டுக்குப் போடலாம்" என்பது பழக்கம். கெட்ட கடலையும் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் தின்ற மாட்டின் பாலில் அந்த நஞ்சு வேறு வடிவத்தில் வந்துவிடும். பால் நம் வீட்டுக்கே திரும்பும். புதைத்துவிடுங்கள்.

செக்கு எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலைச் சுத்திகரிப்பில் காரம் (அல்கலி) சேர்க்கும்போது அஃப்ளடாக்ஸின் நீங்கிவிடுகிறது; செக்கில் அந்தக் கட்டம் இல்லை. செக்கு எண்ணெய் கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் செக்கில் எந்தக் கடலை விழுகிறது என்பதுதான் எல்லாம். விலை மலிவாகக் கிடைத்தது என்று கழிவுக் கடலையை ஆட்டித் தரும் இடத்தைத் தவிருங்கள். முடிந்தால் நீங்களே பொறுக்கிக் கொண்டுபோய் ஆட்டுங்கள்.

படி 6: கறி எவ்வளவு?

ஆடு, மாடு, பன்றி இறைச்சி 2ஏ வகை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் எல்லை, வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம். நான்கு பேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எலும்போடு ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுத்தால் ஆளுக்குச் சமைத்த கறி 150 கிராம்போல வரும். ஆக, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. கோழியும் மீனும் இந்தக் கணக்கில் வராது. கவனிக்க வேண்டியது, மாலைச் சிற்றுண்டியாகக் குழந்தையின் தட்டுக்கு வரும் சாசேஜ், ஹாம், சலாமி. கெடாமலிருக்கச் சேர்க்கும் நைட்ரைட்டும் கறியிலுள்ள இரும்பும் சேர்ந்து குடலில் நைட்ரசோ சேர்மங்களை உண்டாக்குகின்றன. அவற்றை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தூரியும் கிரில்லும் செய்பவர்கள் தணலுக்கு மேலே நேராகக் கொழுப்பு சொட்டவிடாதீர்கள். எரிந்து எழும் புகைதான் கறியில் படிகிறது. முக்கால்பங்கு வேகவைத்துவிட்டுக் கடைசியில் மட்டும் நெருப்பில் காட்டுங்கள். கருகிய பகுதியை வெட்டிவிடுங்கள்.

படி 7: உப்பும் சூடும்

உப்பு மிகுந்த உணவு இரைப்பையின் உட்பூச்சை அரித்து, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கு வழிவிடுகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு அந்தக் கிருமி முக்கியக் காரணம். ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு போதும். அளக்க ஒரு வழி: உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ குறைந்தது 50 நாள் வர வேண்டும். முப்பது நாளில் தீர்ந்தால் கை தாராளம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கிலேயே இல்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்க்கு ஆகாது. 2016-இல் 2ஏ வகையில் சேர்ந்தது. அதே கூட்டத்தில் காபி 2பி-யிலிருந்து வகை 3-க்கு இறங்கியது. காபி விடுதலையாகிக் கூண்டில் சூடு ஏறிக்கொண்டது எனலாம். டபராவில் நாலு ஆற்று ஆற்றிக் குடிக்கும் வழக்கம் இந்த விஷயத்தில் சரியாகவே இருந்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்க டீ கேட்பவர்கள் நான்கைந்து நிமிடம் பொறுங்கள்.

படி 8: எண்ணெய், வறுவல்

பொரித்த எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, சிறு தீயிலேயே புகைந்தாலோ கொட்ட வேண்டியதுதான். எண்ணெய்ப் புகையும் விறகுப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். உருளைக்கிழங்கை 120 டிகிரிக்கு மேல் பொரிக்கும்போது உருவாகும் அக்ரிலமைடு பற்றி 2002 முதல் பேசுகிறார்கள். உணவின் வழியே அது மனிதர்களுக்குப் புற்றுநோய் தருகிறது என்பதற்குச் சான்று இன்னும் ஒருமுகப்படவில்லை. சீவிய கிழங்கை 20 நிமிடம் தண்ணீரில் போட்டு, பொன்னிறத்தோடு எடுத்தால் போதும். தோசை ஓரத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடியவை

மைக்ரோவேவ் தண்ணீர் மூலக்கூறை அசைத்துச் சூடாக்குகிறது. மரபணுவை உடைக்கும் ஆற்றல் அதற்கில்லை. சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்பதும் நடக்காது; உடல் தனக்கு வேண்டிய குளுக்கோஸைத் தானே செய்துகொள்ளும். "கார உணவு" (அல்கலைன் டயட்) இரத்தத்தை மாற்றாது. நுரையீரலும் சிறுநீரகமும் அதன் பி.எச். (அமில, காரத்தன்மை) அளவை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு 2023-இல் 2பி ஆனது. ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் அனுமதித்த அளவைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 டின் டயட் பானம் குடிக்க வேண்டும்.

மாத்திரைகள் விஷயத்தில் இத்தனை நிதானம் கூடாது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் காக்கும் என்று நம்பி, பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடந்த சோதனையில், அதை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. முடிவு 1994-இல் வெளியானது. அமெரிக்காவில் இதேபோன்ற சோதனை 28 சதவீத உயர்வைக் கண்டு 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. காயாகத் தின்னும் கேரட்டில் இந்த ஆபத்து இல்லை. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள். குர்க்குமின் காப்ஸ்யூலாக வாங்க வேண்டாம்.

சிகிச்சையில் இருப்பவருக்கு வேறு விதி

மேலே சொன்னதெல்லாம் நோய் வராமல் தடுக்க. வீட்டில் ஒருவர் கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் இந்தப் பட்டியலை அவர்மேல் சுமத்தாதீர்கள். அவருக்கு எடை குறையக் கூடாது. கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும்; 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். முட்டை, பால், தயிர், மீன், பருப்பு, எது இறங்குகிறதோ அது. வாய்ப்புண் இருக்கும்போது நார்ச்சத்துக் கணக்கைத் தள்ளி வைத்துக் குழைந்த சோறும் தயிரும் கொடுங்கள். வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் பச்சைக் காய்களும் வெட்டி வைத்த பழங்களும் வேண்டாம், வேகவைத்ததே நல்லது. முள்சீத்தா இலைக் கஷாயம், குர்க்குமின் காப்ஸ்யூல், பெயர் தெரியாத பொடி என்று உறவினர்கள் கொண்டுவருவதை மருத்துவரிடம் காட்டாமல் தராதீர்கள். அவற்றால் கல்லீரல் என்சைம் ஏறினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.